சுகன்யாவுக்கு வந்த வலிப்பு

அந்த ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்த நிழலே கிடையாது. மூன்று வாரம் என் கார் திண்டுக்கல் வெயிலில் காய்ந்தது.

என் மனைவி சுகன்யா ஆறு வருடமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள். மனச்சோர்வாம். அவள் பிறந்த சாணார்பட்டிப் பக்கம் களை பறிக்கும் பெண்களுக்கு வராத நோய். எந்த மாத்திரைக்கும் அசையவில்லை. உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் என் மேல் புகார் கொடுத்திருக்கிறானே, அவள் அண்ணன் சோலைமுத்து, அவன்தான் காந்த சிகிச்சை என்று எங்கோ படித்துவிட்டு வந்து நின்றான். நாற்காலியில் உட்காரவைத்து இடது நெற்றிக்கு மேலே ஒரு கருவியை வைப்பார்கள். அது மரங்கொத்தி மாதிரி டக் டக்கென்று தட்டும். ஊர் வாயை மூடத்தான் கூட்டிப்போனேன். பலிக்கும் என்று நினைக்கவில்லை.

மூன்றாம் வாரம் காரில் திரும்பும்போது, "செத்த நிறுத்துங்க, மல்லி வாங்கணும்" என்றாள். மறுநாள் தானே குழம்பு வைத்தாள். அதோடு நின்றிருக்கலாம்.

"கீர்த்தனாவ எதுக்கு ஹாஸ்டல்ல விட்டீங்க?"

"நீதான சரின்னு சொன்ன."

"நான் எப்பச் சொன்னேன்? எம்மகள நானே போயி கூட்டியாரேன்."

ஆறு வருடம் என் சொல்லில் நடந்த வீடு. காந்தத்தைக் காட்டியதும் கேள்வி கேட்கிறாள்.

மறுநாள் மதியம் தூங்கி எழுந்தவளிடம் நிதானமாகச் சொன்னேன். "தூக்கத்துல உனக்கு வலிப்பு வந்துச்சு. நாக்கக் கடிச்சுக்கிட்ட."

விரலால் நாக்கைத் தடவிப் பார்த்தாள். "காயம் ஒண்ணுமில்லையே."

"இந்த ஆறு வருசத்துல உனக்கு என்ன தெரிஞ்சிருக்கு?"

நம்பிவிட்டாள்.

வலிப்பு வந்தால் சிகிச்சையை நிறுத்த வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். கை கால் வெட்டியது, வாயில் நுரை தள்ளியது என்றேன். அம்புட்டுப் படித்தவர், அப்படியே எழுதிக்கொண்டார். சுகன்யா அந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு வாரம் மட்டும் வைங்கம்மா" என்று கெஞ்சினாள். பார்க்க அசிங்கமாக இருந்தது.

இரண்டு மாதத்தில் மறுபடி சுவர். விடுமுறைக்கு வரக் கேட்ட கீர்த்தனாவிடம், அம்மாவுக்கு உன்னைப் பார்க்க இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டேன்.

வலிப்பு வரவேயில்லை. பொய்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொடுமைப்படுத்தினேன் என்கிறானே சோலைமுத்து, அதை மட்டும் ஏற்க மாட்டேன். பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லட்டும், பார்ப்போம்.