செருப்பைக் கழற்றிவிட்டு ஆடிய பூப்பந்து

“பூப்பந்தா? எஸ்டேட் பொண்ணுங்களுக்கு யாரு கோர்ட்டு குடுப்பா?” என்று மாமா ஒருமுறை கேட்டார். மலேசியாவின் கோல சிலாங்கூரில், விளையாட்டுக் கூடத்தில் ஆட நேரம் பதியும் முகப்பு மேசைக்கு முன் வரிசையில் நின்றபோது அது நினைவுக்கு வந்தது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், கையில் மட்டைகளோடு.

மூத்தவர் கேட்டார்: “போன வாரம் எல்லாரையும் வாசல்ல செருப்ப கழட்ட வச்சது நீதானே?”

“தரை அப்படி மின்னுச்சுக்கா. செருப்புக் காலோட ஏற மனசு வரல.”

“பத்து பொம்பளைங்களும் வெறுங்காலோட ஆடினோம். கூடத்து அதிகாரி ஓடி வந்து, ரப்பர் அடி வச்ச சப்பாத்து இல்லாம ஏறக்கூடாதுன்னாரு!”

“கோர்ட்ட தொட்டுக் கும்பிட்டது நீங்கதானே!”

“சரி, இன்னிக்குக் கோர்ட்டு குடுக்கலன்னா அந்த நேரத்த ஆம்பளைங்க புடிச்சுக்குவாங்க லா.”

“அதான் பத்து ஜோடி சப்பாத்து வாங்கிட்டோமே. விண்ணப்பப் பாரத்துலயும் எழுதிட்டேன், எல்லாரும் அத போடுவோம்னு.”

முகப்பு மேசையிலிருந்த பெண் பாரத்தைப் படித்துச் சிரித்தாள். சனிக்கிழமை ஐந்து மணி அவர்களுக்கு என்று முத்திரை குத்தினாள்.

“குடுத்துட்டாங்கக்கா!” வரிசையே திரும்பிப் பார்த்தது.

அடுத்து என் முறை. வீட்டில் முதலில் பள்ளி முடித்தவள் நான். மலாய்ப் பாரத்தை நானே நிரப்பி, எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளின் பெண்களுக்கு ஆறு மணியைப் பதிந்தேன். ரசீதைப் படம் பிடித்து மாமாவுக்கு அனுப்பிவிட்டு, நேராகச் சப்பாத்துக் கடைக்கு வந்துவிட்டேன்.