ஞாயித்துக்கிழமைச் சம்பளம்

இல்லண்ணே, ரெண்டு விரல்ல பிடிக்காதீங்க, முழுக் கையால பிடிங்க. ஆங், அப்படித்தான். இப்ப ஒரு உதறு. உதறுனாலே பாதிச் சுருக்கம் போயிரும், மீதியை இந்த இஸ்திரி உருளை பாத்துக்கும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள விடணும். ஒருத்தர் முந்துனா விரிப்பு கோணிக்கிட்டுப் போயி உருளையில சுத்திக்கும், அப்புறம் மிஷினை நிறுத்தி ஆறவெச்சு எடுக்கறதுக்குள்ள மேல ஆபீஸ்ல இருந்து கூப்பாடு வந்துரும்.

பாத்தீங்களா, இப்ப நேரா போச்சு. முந்தாநாள் நீங்க வந்து நின்னப்ப எனக்குச் சிரிப்பா வந்துச்சு, தப்பா நெனைக்காதீங்க. ஆஸ்பத்திரி விரிப்பைக் கல்யாணப் பொண்ணு முந்தானை மாதிரி பயந்து பயந்து தொட்டீங்க. இப்ப யாரும் உங்களைப் புது ஆளுன்னு சொல்ல மாட்டாங்க.

பெரிய வார்த்தையெல்லாம் எதுக்குண்ணே, நான் ஒண்ணும் பெரிசா சொல்லிக் குடுக்கல. செருப்புக் கடை வெச்சு மூணு பேருக்குச் சம்பளம் குடுத்த ஆளு நீங்க. இந்த அம்பது வயசுல வந்து ஈரத்துணிக்கு முன்னாடி நிக்கணும்னு உங்க தலையெழுத்து. நேத்து நீங்க சொன்னதை வீட்டுக்குப் போயும் நெனைச்சுக்கிட்டே இருந்தேன். விலைவாசியைக் குறைக்கறோம்னு கவர்மெண்ட்டுல பேங்க் கடன் வட்டியை ஏத்துனாங்களாம். விலைவாசி குறைஞ்ச மாதிரி தெரியல, உங்க கடைதான் குறைஞ்சது. ஊர்ல ஒரு கடை குறைஞ்சா அவங்களுக்கு என்ன. டிவியில கோடு போட்டுக் காட்டுவாங்க, கோடு இறங்குதுன்னு கை தட்டுவாங்க. இதைப் பிடிங்க, இது சின்ன விரிப்பு.

நானா? நாளன்னிக்கு எனக்குக் கடைசி நாள். ஆமா, நானேதான் எழுதிக் குடுத்தேன். யாரும் போகச் சொல்லல. பதினொரு வருஷம் பாத்த வேலையை யாராவது சும்மா விடுவாங்களான்னு கேக்கறீங்க. நியாயம்தான். அதுக்கு எங்க வீட்டுக்காரர் கதையைச் சொல்லணும்.

அவர் வெல்டிங் ஆளு. கட்டட வேலையெல்லாம் நின்னப்ப அவரும் நின்னார். ஆறு மாசம் வீட்ல சும்மா உக்காந்திருக்கும்போதுதான் கால் வீங்குச்சு. போயிப் பாத்தா ரெண்டு கிட்னியும் போச்சுன்னாங்க. வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ். நல்லவேளை, ஏழைங்களுக்கு ஒரு கார்டு குடுக்கறாங்கல்ல, அது எங்க கிட்ட இருந்துச்சு. கார்டைக் காட்டினா ஒரு பைசா கிடையாது. ரெண்டு வருஷம் அப்படியே ஓடுச்சு. உடம்பு தேறலைன்னாலும் ஆளு இருந்தார். சாயங்காலம் நான் போறதுக்குள்ள சோறு வடிச்சு வெச்சிருப்பார். உப்பு மட்டும் எப்பவும் கூட.

அப்பத்தான் நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன். வீட்டு வாடகை ஏறிப்போச்சு, மருந்துக்கடையில பாக்கி. இங்க ஞாயித்துக்கிழமை ஆள் வேணும்னாங்க. நான் கையைத் தூக்கிட்டேன். மூணு மாசம், ஒரு ஞாயிறு விடாம. பாக்கியை அடைச்சேன். எவ்வளவு பெருமை தெரியுமா எனக்கு. மருந்துக்கடைக்காரர் முன்னாடி நிமிர்ந்து நின்னேன்.

நாலாவது மாசம் கார்டு செல்லலை. ஆஸ்பத்திரி மிஷின்ல வெச்சா சிவப்பு லைட்டு. ஓடினேன் நலத்துறை ஆபீசுக்கு. மூணு மாசச் சம்பளத்தைக் கூட்டிப் பாப்பாங்களாம். எங்க வருமானம் எல்லையைத் தாண்டிருச்சாம். எவ்வளவு தாண்டிருச்சுன்னு கேட்டேன். எழுதிக் காட்டினாங்க. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு அண்ணே. நானும் அவரும் ஒரு நாள் வெளிய சாப்பிட்டா ஆகுமே, அவ்வளவுதான். அந்தக் கூடுதல் காசைத் திருப்பிக் குடுத்துடறேன்னேன். அப்படி ஒரு வழி இல்லம்மா, நீங்க இப்ப ஏழை இல்லன்னாங்க. அங்க உக்காந்திருந்த பொண்ணைத் திட்டறதுக்கும் மனசு வரல. அது கண்ணுலயும் தண்ணி.

இங்க வந்து மேனேஜர் கிட்ட, சம்பளத்தைக் குறைச்சுப் போடுங்கன்னு கேட்டேன். சிரிச்சார். ஏத்தச் சொல்லிக் கேட்டவங்களைப் பாத்திருக்கேன், குறைக்கச் சொல்லி நீதான் மொதல்ல கேக்கறேன்னார். ஏத்தறதுக்கும் எங்களுக்கு வழியில்ல, குறைக்கறதுக்கும் இந்தக் கம்ப்யூட்டர்ல வழியில்லன்னார்.

ம்ம், கார்டுக்குத் திரும்ப எழுதிப் போடலாம். ஆனா அதுக்கு இன்னும் மூணு மாசச் சம்பளம் பாக்கணும். அவர் ரத்தம் மூணு மாசம் காத்துக்கிட்டிருக்குமா. உடனே கார்டு வேணும்னா ஒரே வழி, வேலையே இல்லன்னு கம்பெனி லெட்டர். சரி, ஒரு உசுரை விட வேலை பெரிசா, அப்புறம் வீட்டு வேலை, பாத்திரம் கழுவற வேலை, கணக்குல வராத வேலை எதையாவது பாத்துக்கலாம்னு எழுதிக் குடுத்துட்டேன். ஆனா எழுதிக் குடுத்த அன்னிக்கே விட மாட்டாங்க, முப்பது நாள் கழிச்சுத்தான் அந்த லெட்டர். அதுவரைக்கும் கையில இருந்த காசைக் கட்டினோம். மூணு தடவை ரெண்டாச்சு. ரெண்டு ஒண்ணாச்சு.

மெதுவா அண்ணே, கை சூடு பட்டுரும்.

நல்ல மனசு உங்களுக்கு. நாளன்னிக்கு லெட்டர் வந்துரும், கார்டு வந்துரும், அவருக்குச் சரியாயிடும்னு சொல்றீங்க. உங்க வாய் முகூர்த்தம் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கணும். அவர் போயிப் பத்து நாளாச்சு அண்ணே. முப்பதுல பதினெட்டாவது நாள். காலையில எழுந்து மூச்சு விட முடியலைன்னார். ஆட்டோ வர்றதுக்குள்ள என் தோள்லயே சாஞ்சுட்டார். அந்த வாரம் போக வேண்டிய ரெண்டு தடவைக்கு நாங்க போகல. காசு இல்ல.

ஆமா, நாலு நாள்தான் லீவு எடுத்தேன். வீட்ல இருந்து என்ன பண்றது. யார்கிட்டயும் அதிகமா சொல்லிக்கல. உங்ககிட்ட எதுக்கு மறைச்சேன்னா... மறைக்கணும்னு இல்ல.

சரியாத்தான் கேக்கறீங்க. இனி கார்டு எதுக்கு, வேலையை எதுக்கு விடணும். அதைத்தான் நானும் மேனேஜர் கிட்டக் கேட்டேன். லெட்டரைத் திருப்பிக் குடுங்க, எனக்கு வேலை வேணும்னு. வாடகை இருக்கு, ஆஸ்பத்திரிக்கு வாங்கின கடன் இருக்கு. மேனேஜர் சொன்னார், ஆள் எடுத்தாச்சும்மா, உன்னை விடக் கம்மிச் சம்பளத்துக்கு ஒத்துக்கிட்டு வர்றார், இருக்கறது ஒரு இடம்னு. அழுதேன். அதுக்கப்புறம் சொன்னார், மூணு நாள் சோதனையில வெச்சிருப்போம், நீதானே கூட நிக்கப்போற, மூணாவது நாள் மத்தியானம் வந்து ஆள் தேறுவாரா மாட்டாரான்னு நீயே சொல்லு, தேறலைன்னா உன் லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடறேன்னு.

ஆமா அண்ணே. இன்னிக்குத்தான் மூணாவது நாள்.

சாப்பாட்டு மணி அடிச்சப்ப நான் மேலதான் போயிருந்தேன். நீங்க உங்க பொண்ணுங்க மூணு பேருக்கும் ஸ்கூல் பீஸ் கட்டணும்னு சொல்லிக்கிட்டிருந்தீங்களே, அது முடிஞ்ச உடனே. படியேறும்போது உண்மையைச் சொல்லணும்னுதான் ஏறினேன், சத்தியமா. உள்ள போனதும் வாய்ல வேற வந்துருச்சு. கை வரல, வேகம் பத்தாது, துணியைச் சுத்தவிட்டுருவார்னு சொல்லிட்டேன். நான் சொன்ன பொய்யை ஒரு கேள்வியும் கேக்காம எழுதிக்கிட்டார். அஞ்சு மணிக்கு உங்களைக் கூப்பிடுவாங்க. மூணு நாள் கூலியைக் குடுத்துருவாங்க, அதுல ஏமாத்த மாட்டாங்க. எனக்கே என்னைப் பாத்தா அருவருப்பா இருக்கு, அதான் கீழ இறங்கி வந்ததுல இருந்து வாய் ஓயாமப் பேசிக்கிட்டிருக்கேன்.

அண்ணே. முனையை விட்டுட்டீங்க, ஈரத்தரையில விழுந்துருச்சு பாருங்க. வேண்டாம், குனியாதீங்க. மறுபடியும் துவைக்கணும், அதை நான் பாத்துக்கறேன்.