வெந்நீர் ஊற்றாமல்

பதினொன்றரை மணிக்கு ஃபிளாஸ்க்கில் வெந்நீர் தீர்ந்துவிட்டது. எதிரே டீக்கடை வைத்திருக்கும் பக்கிரி அன்று கடை திறக்கவில்லை. மற்ற நாட்களில் அவன்தான் நிரப்பித் தருவான். நான் அதைக் குடிப்பதற்காக வாங்குவதில்லை.

பழைய காரில் இரும்பு பாதகமில்லை. துரு ஏறும், கண்ணுக்குத் தெரியும். பிளாஸ்டிக் அப்படியில்லை. பார்க்க நன்றாக இருக்கும். இருபத்தைந்து வருடம் என்ஜின் சூட்டில் கிடந்த பிறகு பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். வெந்நீரில் துணியை நனைத்து அதன்மேல் சுற்றி, ஐந்து நிமிடம் விட வேண்டும். கொஞ்சம் இளகும். பிறகு திருகாமல் நேராக இழுக்க வேண்டும். முத்தியால்பேட்டையில் பட்டறை போட்டு அப்போது இருபத்திரண்டு வருடமாகியிருந்தது. அதுவரை ஒரு கிளிப்கூட என் கையில் உடைந்ததில்லை. இதை நானாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஜில்பேர் சொல்வார், ஊர் முழுக்க.

ஜில்பேர் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே சொல்தா என்போம். அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. பென்ஷன் வந்த முதல் வருடம் வாங்கிய காரை அவர் விற்கவேயில்லை. அன்று கிளட்ச் கேபிள் மாற்ற வேண்டியிருந்தது. முதல்நாளே வண்டியை விட்டிருந்தார். வேலையைப் பார்க்க மகளோடு வந்தார். மகள் ஸ்டெஃபனிக்குத் துலூஸில் வேலை. கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தாள். பத்து வயதில் என் ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கி விளையாடியவள்.

கேபிளுக்குப் போகும் வழியில், கழற்றினால்தான் கை போகும்படி, ஒரு கறுப்பு வால்வு இருந்தது. கட்டைவிரல் அளவு. பிளாஸ்டிக். என்ஜினிலிருந்து பிரேக்குக்குப் பலம் போவது அதன் வழியாகத்தான். அது ஒழுகினால் பெடல் இறங்காது. வாலிபன் ஏறி மிதித்தால் ஒருவேளை வண்டி நிற்கும்.

"அங்க இதையெல்லாம் யாரும் தொடவே மாட்டாங்க, கண்ணையா அண்ணே," என்றாள் ஸ்டெஃபனி. "புதுசு மாத்திடுவாங்க. நான் ஆர்டர் போடட்டா? பத்து நாள்ல வந்துடும்."

"இவன் கை பட்டா கண்ணாடியே வளையும். நீ சும்மா பாரு," என்றார் ஜில்பேர்.

வெந்நீர் இல்லை, சாயங்காலம் வாருங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"வெந்நிக்குக் காத்திருக்க நீ என்ன பிரசவமா பாக்குற?"

அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. போய் அடுப்பில் வைத்துக் கொண்டுவரக் கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

வெறும் கையால் இழுத்தேன். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. அவர்கள் கேக் எங்கே சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

உடைந்த பாகத்தைக் காகிதத்தில் சுற்றி வண்டிக்காரரிடம் கொடுப்பது எங்கள் தொழிலில் மரியாதை. உடைத்தது நாமாக இருந்தாலும் கொடுக்க வேண்டும். அவர்கள் சாப்பிடப் போன பிறகு அதைப் பசை போட்டு ஒட்டினேன். சுத்தமான வேலை. இரண்டு மணிக்கு ஜில்பேர் வண்டியை எடுத்தார். "பாத்தியா?" என்று மகளிடம் சொன்னார். அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அப்படியே விட்டுவிட நான் நினைக்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில் அந்த வால்வு பழையது கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி, ஏதாவது சாக்குச் சொல்லி மாற்றிவிடலாம் என்றிருந்தேன். முதல் ஞாயிறு ஒரு கல்யாணம். அடுத்த ஞாயிறு மழை. மூன்றாவது ஞாயிறுக்குத் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை அவர்கள் காலாப்பட்டில் இருந்த அவளுடைய தோழியைப் பார்க்கக் கிளம்பினார்கள். பிள்ளைச்சாவடியில் ஒரு டிப்பர் லாரி சாலையோரம் நின்றிருந்தது. ஸ்டெஃபனி உட்கார்ந்திருந்த பக்கம் அதன் பின்னால் போய் மோதியது. ஜில்பேருக்கு மூன்று விலா எலும்புகள் முறிந்தன. அவள் ஆஸ்பத்திரி வரை வரவில்லை.

பதினாறு நாள் தாங்கியது. பசைக்கு அது அதிகம்தான்.

வண்டியைப் பார்க்க வந்த அதிகாரி, வண்டியைத் தெரிந்தவன் என்று என்னையும் கூப்பிட்டார். சாலையில் டயர் தடமே இல்லை, பெரியவர் பிரேக் போடவேயில்லை என்றார். முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. வால்வு நான் ஒட்டிய இடத்திலேயே விட்டிருந்தது. உடைந்திருந்தால் மோதியதில் உடைந்தது என்பார்கள். பசையை அப்படிச் சொல்ல முடியாது. அவர் போனில் பேச நகர்ந்தபோது அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்து, பிரேக் ஆயில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். லைன் ஒழுகுகிறதா என்றார். இல்லை என்றேன். கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து ஜில்பேர் கைத்தடியோடு பட்டறைக்கு வந்தார்.

"நான் மிதிச்சேன், கண்ணையா. கல்லு மாதிரி இருந்துச்சு. ஆன்-மரி நம்ப மாட்டேங்குறா. நீ ஒரு வார்த்தை சொன்னா நம்புவா."

ஆன்-மரி அவர் மனைவி. நான் மதாம் என்பேன்.

"முசியே," என்றேன், "பதட்டத்துல கால் ஆக்சிலேட்டர்ல போயிருக்கும். வயசாயிடுச்சுல்ல."

கைத்தடியை ஊன்றித் திரும்பிப் போனார். மறுவாரமும் வந்து கேட்டார். அதையே சொன்னேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. "கால் தவறிடுச்சு, கண்ணையா," என்று அவராகவே சொன்னார். அதை வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொல்லியிருக்கிறார். அன்றே மதாம் அவருடைய துணிமணிகளைக் கீழறைக்கு இறக்கிவிட்டார்கள். அதன் பிறகு சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். இரண்டு வருடம்.

கல்லறைத் திருநாளில் மதாம் காலையில் மகளிடம் போவார்கள். ஜில்பேர் சாயங்காலம் போவார். நடுவில், மத்தியானத்தில், நான் போய்வருவேன்.

எனக்கு அவர்மேல் அன்பு உண்டு. ஒரு மனிதன் ஏன் என்று தெரியாமல் தவிப்பதைவிட, தவறு தன்னுடையது என்று தெரிந்துகொண்டு அடங்கியிருப்பது நல்லது என்று நினைத்தேன். நான் சொன்ன பிறகு அவர் அமைதியாகத்தான் இருந்தார்.

வால்வு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். உடைத்தது நான். ஒட்டியது நான். மறைத்ததும் நான். அவர் மிதித்தார். அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

போன மாதம் ஜில்பேர் இறந்துவிட்டார். அடக்கத்தில் மதாம் அழவில்லை. நேற்று முற்பகல் பட்டறைக்கு வந்தார்கள். இதற்கு முன் வந்ததில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்தார்கள். டீ வேண்டாம் என்றார்கள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தொங்கும் ஸ்பேனர்களைப் பார்த்தபடி பேசினார்கள்.

"கடைசி நாலு நாளும் அவருக்கு நினைவே இல்ல. வலது காலை மட்டும் கட்டில் கம்பியில வெச்சு அழுத்திக்கிட்டே இருந்தாரு. நர்ஸ் எடுத்துவிட்டாலும் திரும்பக் கொண்டுபோய் வெச்சு அழுத்துறாரு. எதை அழுத்துனாரு, கண்ணையா?"