வேகாத ஸ்லைடு

குக்கரை அடுப்பில் வைக்கத் தெரிந்தவனுக்கு எங்கள் வேலையில் பாதி தெரியும், ஐயா. முகப்பேரில் ஒரு லேபில் பதினெட்டு வருஷமாக நான் அதைத்தான் செய்தேன். மார்பகப் புற்றுக்கட்டியை முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, குக்கரில் வேகவைப்பேன். வெந்தால்தான் கட்டியின் ரத்தக்குழாயில் இருக்கும் புரதம் சாயத்தைப் பிடித்துப் பழுப்பாகத் தெரியும். வேகாவிட்டால், இருக்கிற புரதமும் இல்லாததுபோல வெளுத்துக் கிடக்கும்.

டாக்டர் திவ்யா ஓர் ஆராய்ச்சி தொடங்கினாள். பழுப்பு வந்த பெண்களுக்குப் புது மருந்து உண்டு, வராதவர்களுக்குக் கிடையாது. முதல் வாரமே என் ஸ்லைடை எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்து, "இது ஸ்லைடா, சாம்பார் கொட்டின தட்டா? மூக்குக் கண்ணாடிய மாத்துங்க கங்காதரன், இல்ல வேலைய மாத்துங்க," என்றாள். முளைத்து மூன்று இலை விடாதவள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இப்போது சொல்லும்போதும் எரிகிறது.

சாயம் சரியா என்று பார்க்க, புரதம் இருப்பது உறுதியான பழைய ஸ்லைடு ஒன்றையும் கூடவே போடுவது வழக்கம். அதை மட்டும் வேகவைத்தேன். நோயாளிகள் ஒன்பது பேருடையதை வைக்கவில்லை. பழையது பழுப்பாக வந்ததால் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒன்பது பேருக்கும் 'புரதம் இல்லை' என்று கையெழுத்துப் போட்டாள். அவள் ஆராய்ச்சி மண்ணைக் கவ்வ வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

கோவில்பதாகைக்காரி பார்வதம் அந்த ஒன்பதில் ஒருத்தி. ரிப்போர்ட்டோடு என்னிடம்தான் வந்தாள்.

"அண்ணா, இன்னொரு தபா பாத்து சொல்லேன். பொண்ணு பிளஸ் டூ படிச்சிகினு கீது. அது பரீட்ச எழுதற வரிக்குமாவது நான் இருக்கணும்."

நல்ல மனுஷி. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு தடவை பார்த்தால் பார்த்ததுதான் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம் போய்ச் சேர்ந்தாள். மற்ற எட்டுப் பேரைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

செய்தி வந்த அன்றே, மிச்சமிருந்த அவள் கட்டியில் ஒரு ஸ்லைடு சீவி, முறைப்படி வேகவைத்தேன். ரத்தக்குழாய் ஒவ்வொன்றும் பளிச்சென்று பழுப்பு. பார்வதத்தின் பெயரை எழுதி டாக்டரம்மா மேஜையில் வைத்தேன். மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அழுதாள். நான் பக்கத்திலேயே நின்று காத்திருந்தேன்.

அப்போதும்கூட, ஸ்லைடு நன்றாக வந்திருக்கிறது என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.