நரம்புக்குள் நடக்கும் லோடுமேன்

மேடைக்கு மாண்பு சேர்க்கும் தலைவர் மரகதம் அம்மையார் அவர்களே! தோளில் துண்டும் நெஞ்சில் துணிவும் சுமந்து வந்திருக்கும் மண்ணூர் சுமை தூக்குவோர் சங்கத்து மூத்தோரே! முதல் ஷிப்ட் முடித்து, முகம்கூடக் கழுவாமல் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! மைக்கைப் பிடித்தால் இந்த அப்பாவு விடமாட்டான் என்று தெரிந்தும் நாற்காலியை விடாமல் அமர்ந்திருக்கும் நல்லவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் வணக்கம்!

ஆண்டின் எண்ணை என்னிடம் கேட்காதீர்கள். எழுத்து என் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. ஆனால் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று சொல்லி, வங்கி வாசலில் வரிசை கட்டி நின்றோமே, நினைவிருக்கிறதா? அந்த வரிசை கலைவதற்குள் வர்தா புயல் வந்து, வேரோடு மரங்களை வீதியில் கிடத்தியதே, நினைவிருக்கிறதா? அதே ஆண்டு! கார்த்திகைக் கடைசி!

புயல் போன நான்காம் நாள் காலை. கரண்ட் இல்லை, லாரி இல்லை, வேலை இல்லை. ஏரிக்கரைச் சாலையில், ஆராய்ச்சிக்கூடம் ஒன்றின் வாசலுக்கு எதிரே, டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே நாங்கள் நான்கு பேர் குந்தியிருந்தோம். வாசலில் ஒரு பெண் போனில் அழுகிறாள்.

"சார், ஜெனரேட்டரும் நின்னுபோச்சு சார்! மூணு வருஷ டிரான்ஸ்போர்ட் சார்! மத்தியானத்துக்குள்ள எடுக்கலன்னா எல்லாம் பாழ் சார்!"

அவ்வளவுதான்! எங்கள் தாண்டவராயன் எழுந்தான். "யார்றா அது, மூணு வருஷமா நமக்குத் தெரியாம டிரான்ஸ்போர்ட் நடத்தினுகீறது?"

சிரிக்காதே லீலா! ஒரகடம் பக்கம் டிரான்ஸ்போர்ட் என்றால் வேறு என்ன பொருள்? லாரி! லோடு! அந்த லோடுக்கு நம் சங்கம்! கொடியைத் தூக்கினோம், கேட்டை மறித்தோம், கோஷம் போட்டோம். அரை மணி நேரம்! கோஷம் ஓங்க ஓங்க, உள்ளே அவள் பெட்டியில் இருந்த உலர் பனிக்கட்டி புகைந்து புகைந்து குறைந்துகொண்டிருந்தது.

அவள் பெயர் ரஞ்சனி. வடக்குப்பட்டுப் பெண். கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் முன் வந்து நின்றாள்.

"நான் சொன்ன டிரான்ஸ்போர்ட் லாரி இல்லீங்க ஐயா. இது ஒரு புரோட்டீன். பேரு கைனசின். நம்ம உடம்புல இருக்கிற லோடுமேன்."

"இன்னாது?"

"முதுகுத்தண்டுலேர்ந்து கால் விரல் வரைக்கும் நரம்பு ஓடுதுல்ல? அதுக்குள்ள தண்டவாளம் மாதிரி ஒரு பாதை. அதுமேல லோடைத் தூக்கினு, ரெண்டு காலால நடந்து போவுது இது."

கை என்று பெயர், வேலையோ காலுக்கு! பெயர் வைத்தவன் நம்மைக் கேட்டு வைத்திருக்கலாம்.

"மனுசனை அறுத்தா எடுத்தே?" என்றான் தாண்டவராயன்.

"ஐயோ, இல்லீங்க! நம்ம உடம்புல இதைச் செய்யற குறிப்பை மட்டும் ஒரு கிருமிக்குள்ள வெச்சோம். கிருமி செஞ்சு குடுத்துச்சு."

"ஓஹோ, கிருமியும் ஓவர்டைம் பாக்குதா?"

அழுத முகம் சிரித்தது ஐயா, சிரித்தது! நான் கேட்டேன்: "இது மருந்தாம்மா?"

"மருந்து இல்லீங்க. ஆராய்ச்சிக்கு மட்டும். இது நடுவழியில நின்னுட்டா சில பேருக்குக் கால் வெளங்காம போயிடுது. ஏன் நிக்குதுன்னு பாக்கணும். அதுக்கு மொதல்ல இது நடக்கணும். சூடு பட்டா நடக்காது."

என்ன கண்ணப்பா, சத்தம் கேட்கவில்லையா? மைக்கை நெருக்கி வை. கேட்கவேண்டிய இடம் இதுதான்!

தோழர்களே! ஒரு லோடுமேன் உள்ளே செத்துக்கொண்டிருக்கிறான். வாசலை மறித்து நிற்பவர்கள் யார்? லோடுமேன்கள்! இதைவிட வெட்கம் உண்டா? தாண்டவராயன் பிடித்திருந்த சங்கக் கொடியைக் கழியிலிருந்து உருவினான். உதறினான். முறுக்கினான். சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்தான். "தூக்குடா!" என்றான்.

மாநாட்டில் பறந்த கொடி அது. ஊர்வலத்தில் உயர்ந்த கொடி அது. ஆனால் சுமைக்குச் சும்மாடானதே, அன்றைக்குத்தான் அது நம் கொடி ஆனது!

நெடுஞ்சாலையில் புதிய பனிக்கட்டியோடு வேன் நிற்கிறது. நடுவே இரண்டு கிலோமீட்டர், விழுந்து கிடக்கும் பதினேழு மரங்கள். தெர்மகோல் பெட்டி ஒரு மூட்டைச் சிமெண்டுக்குச் சமம். உள்ளே சரக்கு எவ்வளவு? நாலே சொட்டு! "சாய்க்காதீங்க, சாய்க்காதீங்க" என்று பின்னாலேயே ஓடிவருகிறாள் ரஞ்சனி. மரத்துக்கு மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர். "தூக்கு… பாத்து… எறக்கு!" தலை மாறியது, தோள் மாறியது, பெட்டி மட்டும் தரையைத் தொடவில்லை. மூடியோரம் புகை கசிந்துகொண்டே வந்தது. புகை இருக்கும்வரை உயிர் இருக்கிறது என்றாள். புகை மெலிந்து நூலாகும்போது வேன் கதவு திறந்தது!

ஐந்து நாள் தகவல் இல்லை. ஆறாம் நாள் மருமகள் போனை என் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ரஞ்சனி கத்துகிறாள்:

"ஐயா, நடக்குதுங்க! லோடைத் தூக்கினு நடக்குதுங்க!"

கைத்தட்டுங்கள்! எனக்கு அல்ல, அந்த நடைக்கு!

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும், பந்தல் போட்ட கைகளுக்கும் நன்றி கூறி வணங்குகிறேன். மாலை ஒன்று மிச்சம் இருக்கிறது. அன்று என்னோடு பெட்டி சுமந்த மூவரில் சிவசங்கர் போய்விட்டான். அண்ணாதுரை போய்விட்டான். மிச்சம் இருப்பவன் ஒருவன்தான். கடைசி வரிசையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறான். மேடைக்கு வாடா, தாண்டவராயா!