நீலத் திரையில் நுழைந்த விரல்

இல்லீங்க மேடம், உங்க ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது ஏப்ரல் ஏழாம் தேதிதான். எனக்கு நல்லா நினைவிருக்கு. மேகமே இல்லாத வெயில், துணியை உதறிப் போட்டுத் திரும்புறதுக்குள்ள மொறமொறன்னு காஞ்சுது. உட்காருங்க. அந்தப் பெட்டியை மேசைமேல வைங்க. எங்க வீட்டுக்காரர்தான் உங்க கம்பெனியில முன்மாதிரி ஊழியர்னு பரிசு கொடுக்க வீடு தேடி வந்திருக்கீங்க, ஒரு வாய் டீ குடிக்காம போனா எப்படி?

சர்க்கரை போடலைங்க. இந்த வீட்டுல நாலு வருஷமா எனக்குச் சர்க்கரை கிடையாது. உங்க ஆரோக்கிய வகுப்புல கேட்டதையெல்லாம் சாயங்காலம் எனக்குத்தான் பாடம் எடுப்பாரு. சோத்தைக் குறை, மாடிப்படி ஏறு, பொரிச்சதைத் தொடாதே. நானும் குறைச்சு, ஏறி, தொடாம, பழைய துணியெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. இவர் தெருமுனைக் கடையில தித்திப்பா டீ குடிச்சு, வாயைத் துடைச்சுக்கிட்டு வந்து எனக்கு மார்க் போடுவாரு.

ரத்தப் பரிசோதனையா? அது வந்து... கோவிச்சுக்காதீங்க. சர்க்கரை உள்ளவங்களுக்குன்னு கேன்டீன்ல தனி மேசை போட்டு, மேலே சிவப்புப் பலகை மாட்டினீங்க இல்லையா? நல்ல எண்ணத்துலதான் மாட்டினீங்க, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா இவரோட பேக்கிங் பிரிவுல ஒருத்தருக்கும் அங்கே உட்கார மனசில்லை. ஊசியைப் பார்த்து ரெண்டு பேர் மயங்கி விழுந்ததும், நடுவுல நீலத் திரை கட்டி, ஓட்டை வழியா விரலை மட்டும் நீட்டச் சொன்னீங்க. அதுவும் நல்ல எண்ணந்தான்.

அந்தப் பிரிவுல ஈர்க்குச்சின்னு ஒருத்தர். ஊதினா பறந்துடுவாரு, ஒரு வியாதியும் அண்டாது. அவர் திரைக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துக்குவாரு. ஆளாளுக்கு வந்து தன் பேரைச் சொல்லுவாங்க, விரலை நீட்டுறது அவரு. பத்துப் பேரு, பத்து விரலு. ஆமாங்க, ஆரோக்கியமான பிரிவுன்னு நீங்க கொடுத்த கேடயம் அப்படி வந்ததுதான். சிரிக்கணும்னா சிரிச்சுக்குங்க, நானும் அன்னைக்குச் சிரிச்சேன்.

அப்புறந்தான் வினை. புது பூட்ஸ் கடிச்சு இடது குதிகால்ல ஒரு கொப்புளம். ஆறவே இல்லை. டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு கெஞ்சினேன். இவர் உங்க ரிப்போர்ட்டை என் முகத்துக்கு நேரா நீட்டி, எனக்குத்தான் சர்க்கரை இல்லையே, தானா ஆறிடும்னாரு. ஏங்க, அது ஈர்க்குச்சியோட விரலுதானேன்னேன். எழுதியிருக்கிறது என் பேருதானேன்னு முறைச்சுக்கிட்டுச் சாப்பிடாமப் படுத்துட்டாரு. சத்தியமா நம்பிட்டாருங்க. நீங்க இவர் போட்டோவைச் சுவத்துல மாட்டினதும் நம்பிக்கை இன்னும் முத்திப்போச்சு.

இல்லைங்க, உள்ளே தூங்கலை. இவர் வீட்டுலயே இல்லைங்க. காய்ச்சல் கண்டு திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில சேர்த்தோம், புதன்கிழமை ஆபரேஷன் முடிஞ்சுது. இப்பத் தெளிவாப் பேசுறாரு. மாடிப்படி ஏறுறதோட பலனைப் பத்திப் பக்கத்துக் கட்டில்காரருக்கு வகுப்பு நடக்குது. பிரிவு ஆளுங்க எல்லாம் பார்க்க வந்தாங்க. வந்த சாக்குல கீழே லேப்ல அவங்கவங்க சொந்த விரலை நீட்டிட்டுப் போனாங்க. மூணு பேருக்குச் சர்க்கரை இருக்குதாம். ஈர்க்குச்சி மட்டும் உள்ள வரலை. ரெண்டு கையையும் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டாரு.

பெட்டியில என்னங்க? நடக்கிறதுக்கு ஷூவா? நல்லது. வலது காலுக்கு உள்ளதை மட்டும் வெச்சுட்டுப் போங்க மேடம்.