அவன் அளவுக் கோட்டு

— கையை இன்னும் கொஞ்சம் தூக்கு, குச்சி.

— இதுக்கு மேல தூக்கினா கிழியும் அக்கா. கக்கத்துல பிடிக்குது.

— போன வருஷமும் இதையேதான் சொன்ன. கிழிஞ்சுதா?

— மூச்சு விடாம கிட்டார் வாசிச்சேன், அதனால கிழியல.

— உனக்குக் குச்சின்னு பேர் வெச்சவனைச் சொல்லணும். இந்தத் தொப்பைக்கு நான் எங்க போய்த் துணி ஒட்டுறது? ஆடாம நில்லு, ஊசி குத்தும்.

— பேர் வெச்சது உங்க தம்பிதான். கேளுங்க, எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கோட்டு யார் அளவு?

— தெரியாத மாதிரி கேக்குற பாரு. என் தம்பி அளவு. அவனுக்கு வெட்டின காகிதத்தை வெச்சுத்தான் வருஷா வருஷம் தைக்கிறேன்.

— அது அவனுக்கு இருபத்தாறு வயசுல எடுத்த அளவு. அவன் போய் இருபது வருஷம் ஆச்சு, எனக்கு நாப்பத்தஞ்சு. ஒவ்வொரு நினைவு நாள் கச்சேரிக்கும் என்னை இதுக்குள்ள திணிக்கிறீங்க. எனக்குன்னு ஒரு அளவு கிடையாதா?

— சிவப்புக் கோட்டைப் பாத்தாத்தானே சனம் கை தட்டுது.

— அங்கதான் இடிக்குது. நாங்க ராக் பேண்டா, இல்ல கல்லறைக்குக் காவல்காரங்களா? கேளுங்க. புதுசா பதினோரு பாட்டு போட்டிருக்கோம். ஒண்ணையாவது ஒருத்தன் முழுசா கேட்டானா? ரெண்டாவது வரியிலேயே 'அண்ணன் பாட்டு, அண்ணன் பாட்டு'ன்னு உங்க தம்பி பாட்டைக் கேட்டுக் கத்துறான். கத்துறவனுக்கு வயசு பத்தொம்பது. அண்ணன் போனப்போ அவன் பொறக்கவே இல்ல!

— ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கு? மத்த ரெண்டு பேர் என்ன சொல்றாங்க?

— டிரம்ஸுக்காரன் வாயே திறக்கறதில்ல. அடிக்கிறான், போறான். பேஸ் வாசிக்கிறவன் 'தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன முழம் என்ன'ங்கிறான். மாட்டினது நான்தான். நடுவுல நின்னு பாடுறவனும் நான், திட்டு வாங்குறவனும் நான்.

— இந்த வருஷம் அவனோட கடைசிப் பாட்டை நீ பாட வேண்டாம்னு கச்சேரி நடத்துறவங்க சொல்லிட்டாங்களாமே?

— அதைப் பேசத்தான் வந்தேன். வாயையே திறக்கக் கூடாதாம். அவன் பாடின கேசட்டை ஸ்பீக்கர்ல போடுவாங்களாம். நான் இந்தக் கோட்டை மாட்டிக்கிட்டு, தலையைக் குனிஞ்சு பக்கத்துல நிக்கணுமாம்.

— போன வருஷம் பாட்டில் வீசினாங்களே, அந்தப் பயமா இருக்கும்.

— பாட்டில்கூடப் பரவால்ல. பத்திரிகையில ஒருத்தன் எழுதினான், பாத்தீங்களா? 'சாவைத் தொட்டுப் பாத்தவன் குரல் அது. குச்சிக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது'ன்னு. போதும் அக்கா. சனிக்கிழமை கச்சேரி மேடையிலேயே ஒரு விஷயத்தைப் போட்டு உடைக்கப்போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்.

— சொல்லு. ஆடாம சொல்லு.

— உங்க அம்மா இருக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன். அவங்களும் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

— பீடிகை போதும்.

— அந்தக் கேசட்டுல பாடுறது உங்க தம்பி இல்ல. நான்.

— ம்.

— அவன் எப்பவுமே ரெக்கார்டிங்குக்கு லேட்டா வருவான். வேலை நிக்கக் கூடாதுன்னு நான் டிராக் பாடி வெப்பேன். எங்க ஏறணும், எங்க இறங்கணும்னு மத்தவங்களுக்குத் தெரியணும்ல? அவன் அதைக் கேட்டுப் படிச்சுட்டு வந்து பாடுவான், என் குரலை அழிச்சிடுவாங்க. எல்லாப் பாட்டுக்கும் அப்படித்தான். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் அவன் வந்து பாடல. படிக்கறதுக்காகக் கேசட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனான். மறுநாள் பைக்ல போனவன் திரும்பல. மத்த ரெண்டு பேரும் எனக்காக வாயை மூடிக்கிட்டாங்க.

— ம்.

— அன்னிக்கு எனக்கு மூக்கடைப்பு அக்கா. சளி! அதைத்தான் சாவைத் தொட்ட குரல்ங்கிறான் அந்தப் புண்ணியவான்.

— அப்பவே ஏன் சொல்லல?

— சொல்லத்தான் வந்தேன், சத்தியமா. வாசல்லயே அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு 'எம்புள்ள பாடினதைக் கேட்டியாப்பா'ன்னாங்க. 'கேட்டேம்மா'ன்னு சொல்லிட்டு அப்படியே திரும்பிட்டேன். என்ன அக்கா, நான் தலை போற விஷயம் சொல்றேன், நீங்க ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருக்கீங்க?

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டதா நினைச்சியா? கூடப் பொறந்தவன் குரல் எனக்குத் தெரியாதா? முதல் வரியிலேயே தெரியும்.

— எப்பலேர்ந்து?

— கேசட் கம்பெனிக்காரனுக்கு அந்தப் பாட்டைக் குடுத்ததே நான்தானே. குடுக்கறதுக்கு முன்னாடியே.

— இருபது வருஷமாவா! என் பாட்டு எனக்கே பாட வரலன்னு என் மேல பாட்டில் வீசினாங்க. நீங்க முதல் வரிசையில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க!

— இருந்தேன்.

— அம்மாவுக்காகவா?

— அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அம்மாவுக்காகன்னா போன வருஷமே சொல்லியிருக்கணும்ல? வயிறு எரிஞ்சுது குச்சி. அவன் மண்ணுக்குள்ள போயிட்டான், நீ குத்துக்கல்லாட்டம் உசுரோட வாசல்ல வந்து நின்ன. உனக்குன்னு அவன் விட்டுட்டுப் போனதையும் தூக்கிக் குடுக்க எனக்கு மனசு வரல.

— எனக்குன்னு என்ன விட்டுட்டுப் போனான்? அந்தக் குரலே என்னோடதுதானே!

— சனிக்கிழமை சொல்றதுன்னா முழுசா சொல்லு. உனக்குப் பாதிதான் தெரியும். கேசட்டுக்கு ரெண்டு பக்கம் உண்டு. கம்பெனிக்காரனை என் எதிர்லயே ஒரு பக்கத்தை மட்டும் பதிஞ்சுக்கச் சொன்னேன். மறுபக்கத்துல அவன் எனக்குப் பேசி வெச்சிருந்தான். பேசி, தையல் மெஷின் மேல வெச்சுட்டுப் படுத்துட்டான். காலைல அவன் கிளம்பின பிறகு கேட்டேன்.

— என்ன பேசினான்?

— அந்தக் கோட்டைக் கழட்டு முதல்ல. மேல் தட்டுல ஒரு பொட்டலம் இருக்கு பாரு, எடு.

— சிவப்புத் துணியா இருக்கு. வெட்டியிருக்கீங்க, தைக்கவே இல்ல.

— வெட்டிக்கிட்டு இருக்கும்போதுதான் அவன் போயிட்டான்னு போன் வந்துச்சு. அன்னிக்குக் கத்திரியைக் கீழ வெச்சவ, அந்தத் துணியை இன்னிக்கு வரைக்கும் தொடல.

— தோள் இவ்வளவு குறுகலா இருக்கே. இது அவனுக்குப் பத்தாதே அக்கா. யாருக்கு வெட்டினது?

— அப்ப நீ நிஜமாவே குச்சியாத்தான் இருந்த.

— எனக்கா? எனக்கு எதுக்கு? அக்கா, அவன் என்ன பேசினான்னு சொல்லுங்க!

— 'அக்கா, இந்தப் பாட்டை நான் பாடப்போறதில்ல, பாடினா கெட்டுடும். இனிமே குச்சிதான் நடுவுல நின்னு பாடணும், நான் பின்னாடி நின்னு வாசிக்கிறேன். அவன்கிட்ட இன்னும் சொல்லல, நீ அவன் அளவுக்கு ஒரு கோட்டு தைச்சு வை'ன்னான்.